எந்தக் காற்றில், எந்தக் கரை?

பவளப்பாறைகளைப் பார்க்கக் கிளம்பும் மும்பைத் தமிழர்கள் முதலில் தீவின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது தீவின் பக்கத்தையும் மாதத்தையும்.

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தோல் பை வியாபாரி ஒருவரின் வீடு. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மேஜை மீது சுற்றுலா நிறுவனங்களின் வண்ணத் துண்டுப் பிரசுரங்கள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நீலம். கண்ணாடித் தண்ணீர், மஞ்சள் வரி மீன்கள், முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயுமாகக் குப்புற மிதக்கும் இளம் ஜோடி. பதினோரு வயது மகனுக்குத் தொலைக்காட்சியில் பார்த்த கரீபியன் தீவு வேண்டும். அப்பாவின் பர்ஸ் மால்வண் வரைதான் நீளும். செம்பூரிலிருந்து வந்த மைத்துனர் அந்தமான் என்கிறார். அவர் மத்திய அரசு ஊழியர், எல்.டி.சி. இருக்கிறது.

அரை மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா கடைசியில் வாயைத் திறந்தார். "எல்லாம் சரிதான்டா. எந்தக் காத்துல போறீக? கச்சான்லயா, வாடையிலயா?"

யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை. ஆனால் கரையிலிருந்து இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பவளத்தைப் பார்க்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு - ஸ்நார்கெலிங் என்று பெயர் - முதலில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்.

அப்பத்தா பிறந்தது ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில். கல்யாணமாகி தாராவிக்கு வந்து ஐம்பது வருடங்கள் ஆகிவிட்டாலும் காற்றின் கணக்கு அவருக்கு மறக்கவில்லை. "ஒரே தீவு, ரெண்டு கடல். கச்சான் அடிச்சா தென்கடல் எகிறும், வடகடல் கொளம் மாதிரிக் கெடக்கும். வாடையில அப்படியே மாறிக்கிடும்" என்கிறார். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றான கச்சான் ஒன்றைக் கலக்கும், வடகிழக்கு வாடை இன்னொன்றைக் கலக்கும். தனுஷ்கோடியில் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். யாத்ரீகர்கள் நீராடும் அக்னி தீர்த்தம் வடகடல் பக்கம் அமைந்திருக்கிறது. தீவின் பெயர் ஒன்றுதான். பக்கம் மாறினால் கடலும் மாறிவிடுகிறது.

கரீபியனில் நடப்பதும் இதேதான். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து வீசும். ஆகவே தீவுகளின் கிழக்குக் கரையில் அலை மோதும், மேற்குக் கரை மலைக்கோ மேட்டுக்கோ பின்னால் ஒதுங்கி அமைதியாக இருக்கும். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான பார்படாஸில் கிழக்குக் கரையின் பாத்ஷீபா அலைச்சறுக்கு வீரர்களின் இடம். குழந்தைகளோடு மிதக்கப் போகிறவர்கள் மேற்குக் கரைக்குப் போகிறார்கள். இடையே சாலை வழி ஒரு மணி நேரம்கூட இல்லை. தென் கரீபியனின் பொனேர் தீவு இன்னும் ஒரு படி மேல். 1979ல் சுற்றியுள்ள கடல் முழுவதையும் பூங்காவாக அறிவித்துவிட்ட அந்தத் தீவில், கரையிலிருந்து இறங்கத் தகுந்த இடங்களைச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் பெயர் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காற்று மறைந்த மேற்குப் பக்கத்தில்.

காற்றுக்கு அடுத்தது ஆறு. 1971ல் சுனில் கவாஸ்கர் தன் முதல் டெஸ்ட்டை ஆடிய போர்ட் ஆஃப் ஸ்பெயின் இருப்பது டிரினிடாட் தீவில். எதிரே வெனிசுவேலாவின் ஒரினோகோ நதி கடலில் கொட்டும் வண்டலால் டிரினிடாட்டைச் சுற்றிய தண்ணீர் பெரும்பாலும் கலங்கியே இருக்கும். அதே நாட்டின் இன்னொரு தீவான டொபேகோ அந்த ஆற்றுவாயிலிருந்து சற்று விலகியிருக்கிறது. பவளம் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே புக்கூ பாருக்குப் போகிறார்கள். ஒரே நாடு, ஒரே கொடி, இரண்டு தண்ணீர்.

மும்பையில் ஏன் தெரியாது?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த தமிழர்களுக்குக் கடல் என்றால் ஜூஹு, தாதர் சௌபாத்தி, கிர்காம் சௌபாத்தி. பேல்பூரியும் மாலைக் காற்றும் உண்டு. தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. சாக்கடை மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு. சாக்கடைக்குப் பெரிய பங்கு உண்டு என்றாலும், இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய ஓத நாட்களில் ஐந்து மீட்டரைத் தொடுகிறது. ஒன்றரை மாடி உயரத் தண்ணீர் தினமும் இரண்டு முறை வந்து போகும்போது கடலடிச் சேறு அடங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு தாராவியின் ஓரத்திலேயே மித்தி நதி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. அங்கே கோலிகளின் மீனவக் கிராமமாக இருந்த இடத்தில்தான் தாராவி வளர்ந்தது என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

ஆனால் மும்பைக் கடலில் உயிர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017ல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழுவினர் கடல் வற்றும் நேரத்தில் பொதுமக்களை ஹாஜி அலி, ஜூஹு போன்ற இடங்களின் பாறைகளுக்கு அழைத்துப்போய் நண்டு, கடல் சாமந்தி, ஆக்டோபஸ் எல்லாவற்றையும் காட்டி வருகிறார்கள். 2020ல் கடலோரச் சாலை போடும்போது வொர்லியிலும் ஹாஜி அலியிலும் இருந்த பவளத் தொகுதிகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க வேண்டியிருந்தது. பவளம் பார்க்க விமானம் ஏறும் குடும்பங்களில் பலருக்கு வொர்லியில் பவளம் இருப்பது தெரியாது. அதைப் பார்க்கக் குழாயும் மாஸ்க்கும் தேவையில்லை. வற்றும் நேரம் தெரிந்தால் போதும்.

கலங்கிய கடலில் வளர்ந்தவர்களுக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் அது பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறார்கள். அடி தெரிகிறது, ஆகவே ஆழமில்லை என்று தோன்றுகிறது. தெளிந்த நீரில் ஐந்து மீட்டர் ஆழம் இடுப்பளவு போலக் காட்டும். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் அரபிக்கடலில் நின்றிருந்தபோது ஜூஹுவில் இறங்கிய சிறுவர்கள் திரும்பி வரவில்லை. கொந்தளிக்கும் கடலே இறங்குகிறவர்களைத் தடுக்காதபோது, சிரிக்கும் கடல் எப்படித் தடுக்கும்? ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் மூழ்கி இறப்பதற்கான முன்னணிக் காரணங்களில் ஸ்நார்கெலிங்கும் ஒன்று. கூச்சலோ கையசைப்போ இருப்பதில்லை. குப்புற மிதப்பவர் ரசிக்கிறாரா, மயங்கிவிட்டாரா என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

லீவும் காற்றும்

மும்பைத் தமிழ்க் குடும்பத்துக்கு வருடத்தில் மூன்று விடுமுறைகள். கோடை, தீபாவளி, கிறிஸ்துமஸ். மூன்றுக்கும் ஒரே கரை பொருந்தாது.

கோடை விடுமுறைதான் நீளமானது. பெரும்பாலான குடும்பங்கள் மே மாதத்தில் கிளம்புகின்றன. சிக்கலே அங்குதான். தென்மேற்குப் பருவமழை மே 20 வாக்கில் அந்தமான் கடலையும், ஜூன் 1 வாக்கில் கேரளத்தையும், ஜூன் 11 வாக்கில் மும்பையையும் தொடுவது வழக்கம். மழை வருவதற்கு முன்பே அலை வந்துவிடும். மகாராஷ்டிரத்தின் தெற்குக் கோடியான சிந்துதுர்க் மாவட்டத்து மால்வணில், சிவாஜி கட்டிய கடல் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைகள்தான் மும்பைக்காரர்களுக்கு மிக அருகில் உள்ள ஸ்நார்கெலிங் இடம். 1998ல் கொங்கண் ரயில் பாதை முழுமையான பிறகு, ராத்திரி ஏறினால் காலையில் குடாலில் இறங்கலாம். ஆனால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை அங்கே நீர் விளையாட்டுகளுக்கும் சுற்றுலாப் படகுகளுக்கும் தடை. தண்ணீர் ஓரளவு தெளிவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பெரும்பாலும் படகில் போய்த்தான் இறங்க வேண்டும். கரையிலிருந்து நடந்து இறங்கிப் பவளம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், எந்தக் கரை, எந்த மாதம் என்று திருப்பிக் கேட்பது நல்லது.

லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி போய் ஸ்நார்கெலிங் செய்த படங்களை வெளியிட்ட பிறகு எல்லோருடைய கண்ணும் அங்கே திரும்பியது. அவர் போன மாதம் ஜனவரி என்பதைக் கவனிக்க வேண்டும். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது பத்தில்தான். உள்ளே போக அனுமதிச் சீட்டு தேவை. பெரும்பாலான தீவுகளில் பவள வளையம் மேற்கே, அதற்குள் அமைதியான காயல், கிழக்கு விளிம்பில் ஊர் என்பதுதான் அமைப்பு. கட்மத், அகத்தி, பங்காரம் எங்கே போனாலும் புதியவர்கள் இறங்க வேண்டியது மேற்கே காயலுக்குள். கிழக்குக் கரை சட்டென்று ஆழமாகும், அலை நேராக வந்து மோதும். மே நடுப்பகுதிக்குப் பிறகு கடல் கெடும். கப்பலை நம்பிப் போகிறவர்கள் திரும்பும் தேதியையும் கடலிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தமானுக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். 2018ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கில் எலிபென்ட் பீச், ஷாஹீத் தீவு ஆகிவிட்ட நீல் தீவில் பரத்பூர் கரை ஆகியவை நடந்து இறங்கக்கூடிய இடங்கள். பரத்பூரில் கடல் வற்றும் நேரத்தில் போனால் பவளத்தின் மேல் முட்டியளவு தண்ணீர்தான் இருக்கும், நீந்துகிறவரின் வயிறும் பவளமும் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். ஏற்றத்தின்போதுதான் போக வேண்டும். அந்தமானில் இன்னொரு விஷயம் முதலை. 2010ல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு அருகே ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றது. ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டின் ஓரம், எச்சரிக்கைப் பலகை உள்ள கரை, இந்த மூன்றையும் தவிர்ப்பதற்கு வீரம் தேவையில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

அப்படியானால் மே மாதத்தில் எங்கே போவது? இங்கேதான் அப்பத்தாவின் கணக்கு உதவுகிறது. கச்சான் மேற்கைக் கலக்கும்போது கிழக்கு அமைதியாக இருக்க வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையான திருகோணமலை அப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் படுத்துக் கிடக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாமலை என்ற சிறு தீவு. 2003லிருந்து தேசியப் பூங்கா. படகில் சில நிமிடங்கள். பிறகு தீவின் மணலிலிருந்தே நடந்து பவளத்தின் மேல் மிதக்கலாம். கரும்முனைச் சுறாக்குட்டிகளும் கண்ணில் படும். அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. கட்டணம் உண்டு, கூட்டமும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு குவிந்த கூட்டத்தின் கால்கள் அங்கே பவளத்துக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல.

அதே இலங்கையில் மேற்கு, தெற்குக் கரைகளுக்குக் காலண்டர் தலைகீழ். காலிக்குப் பக்கத்து ஹிக்கடுவையில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இறங்கலாம். மே மாதத்தில் விமானக் கட்டணம் குறைவு என்று ஹிக்கடுவைக்குப் போகிறவர் ஓட்டல் நீச்சல் குளத்தில் நேரத்தைக் கழிக்க நேரும். கிறிஸ்துமஸில் திருகோணமலைக்குப் போகிறவருக்கும் அதே கதி. அவர் வாடையில் மாட்டிக்கொள்வார். தீபாவளிதான் இரண்டும் கெட்டான். கிழக்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், மேற்கே மழைக்காலத்துக் கலங்கல் முழுதாக அடங்கியிருக்காது. அந்த விடுமுறையில் பவளத்தை மறந்துவிட்டுப் பட்டாசு வெடிக்கலாம்.

திருகோணமலைக்கு இன்னொரு சாதகம், துண்டுப் பிரசுரம் சொல்லாதது. படகுக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். "அண்ணே, இண்டைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்வதைவிடச் சிறந்த கருவி எதுவும் கடைகளில் கிடைப்பதில்லை.

கரையில் பத்து நிமிடம்

சரியான மாதத்தில் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பது. விடுமுறைக்காரர்களுக்கு இதுதான் முடியாத காரியம்.

முதலில் அலை எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். தூரத்தில் வெள்ளைக் கோடாக உடைந்து, கரைக்கும் கோட்டுக்கும் இடையே தண்ணீர் தட்டையாக இருந்தால் அங்கே பார் இருக்கிறது, அதற்கு உள்பக்கம் இறங்கலாம். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல், நிறம் சற்று மாறி, நுரை கடலை நோக்கி நகரும் பாதை தெரிந்தால் அது அமைதியான இடமல்ல. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் இழுவைப் பாதை. புதியவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அலை இல்லையே என்று. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும், நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்ப வேண்டும்.

இரண்டாவது, ஏறும் வழி. இறங்குவதற்கு ஆயிரம் இடம் இருக்கும். கூர்ப்பாறை, முள்ளெலி போலக் கிடக்கும் கடல் முள்ளிகள், வழுக்கும் பாசி, இவை எதுவுமில்லாத மணல் வழி ஒன்று திரும்பி வருவதற்கு இருக்க வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும்படி ஒரு தென்னையோ கூரையோ குறித்துக்கொள்ள வேண்டும். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்க வேண்டும். 2013 விநாயகர் கரைப்பின்போது கிர்காம் சௌபாத்தியில் பலரைத் திருக்கை மீன்கள் குத்தியது மும்பைக்காரர்களுக்கு நினைவிருக்கும். மேலே மிதிக்கும் காலைத்தான் திருக்கை குத்துகிறது, தேய்த்துக்கொண்டு வரும் காலுக்கு அது ஒதுங்கிவிடும்.

மூன்றாவது, நீரோட்டம். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பார்த்தாலே அது போகும் திசை தெரிந்துவிடும். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், களைத்துத் திரும்பும்போது அதனோடு வர வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்று மறைந்த கரைக்கும் இங்கே ஒரு சூது உண்டு. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் கண்ணாடி போலிருக்கும், ரப்பர் மெத்தையிலோ காற்றடைத்த வளையத்திலோ மிதக்கும் குழந்தை சத்தமில்லாமல் தூரப் போய்விடும். அவற்றை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடலில் உடலோடு கட்டிய லைஃப் ஜாக்கெட்தான்.

நான்காவது, நேரம். காலை எட்டு முதல் பதினொன்று வரை காற்று குறைவு, வெயில் உள்ளே இறங்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் மேற்பரப்பு சிலிர்த்துவிடும். நாளுக்கோ வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறி இறங்கும், நீரோட்டம் பலமாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறையும், ஓட்டமும் தளரும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று மாட்டுங்கா மாமிகள் ஒதுக்கிவைத்த திதிகள் ஸ்நார்கெலிங்குக்கு உகந்தவை. தாராவி கோலிவாடாவின் பெரியவர்களைக் கேட்டாலும் ஓதத்தின் கணக்கைத் திதியை வைத்தே சொல்வார்கள்.

செம்பூரில் ஒத்திகை

நீச்சல் தெரியாமல் ஸ்நார்கெலிங் செய்யலாமா? லைஃப் ஜாக்கெட்டும் கூடவே ஒரு ஆளும் இருந்தால் செய்யலாம் என்றுதான் எல்லா இடங்களிலும் சொல்கிறார்கள். மிதப்பது பிரச்சினையல்ல. குழாயில் ஒரு மடக்குத் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று தெரியாததுதான் பிரச்சினை. தெரிந்தவர் பலமாக ஊதி வெளியேற்றுவார். தெரியாதவர் பதறிப்போய் எழுந்து நிற்கப் பார்ப்பார், காலுக்குக் கீழே தரை இருக்காது. அல்லது பவளம் இருக்கும்.

இந்தப் பதற்றத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் திருகோணமலை அல்ல. செம்பூரிலும் தாதர் சிவாஜி பார்க்கிலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்பே சேர்ந்து, பயிற்சியாளரின் அனுமதியோடு இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்க்கைப் போட்டுக் குழாயால் மூச்சு விட்டுப் பழகலாம். மாஸ்க் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்தால் கையை எடுத்த பிறகும் அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்குத் தண்ணீர் கசியும், விடுமுறைக்காக மீசையைக் கத்தரிப்பதா என்பது அவரவர் முடிவு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதே பவரில் லென்ஸ் வைத்த மாஸ்க் வாங்கலாம். கண்ணாடி மூடுபனி போடாமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுவது உலகம் முழுக்கப் பழக்கம். முதுகைப் பாதுகாக்க முழுக்கைச் சட்டை போதும். சில வகைச் சன்ஸ்க்ரீன் பூச்சுகள் பவளத்துக்குக் கெடுதல் என்று பாலாவ் நாடு 2020லும் ஹவாய் 2021லும் தடை செய்திருக்கின்றன.

இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குழாய் வழியாக மூச்சு விடுவது பார்ப்பதைவிடச் சிரமமான வேலை. யாராக இருந்தாலும் தனியாக இறங்கக் கூடாது. இருவர் போனால் ஒருவர் பார்க்க வேண்டியது மீனை மட்டுமல்ல, மற்றவரையும்.

பழைய படமும் புதிய பவளமும்

எல்லாம் சரியாக அமைந்தும் ஏமாற்றம் வரலாம். துண்டுப் பிரசுரத்தின் படம் எப்போது எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு நீடித்தால் செத்துப்போகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. பத்து வருடத்துக்கு முன் போனவர் வர்ணித்த தோட்டம் இன்று சாம்பல் நிறக் குவியலாக இருக்கலாம். ஆகவே, கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி: போன சீசனில் அங்கே இறங்கியவர் யார், அவர் என்ன பார்த்தார்?

மிச்சமிருப்பதைக் கெடுக்காமலிருப்பது போகிறவர் கையில், சரியாகச் சொன்னால் காலில். ஒரு முறை மிதித்து உடைத்த கிளை மீண்டும் வளரப் பல வருடங்கள் ஆகும். மீனைக் கூட்ட ரொட்டி வீசும் வழிகாட்டியை வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

தமிழ்நாட்டுக்கு இது பழைய பாடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஆனாலும் தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுப்பது அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. அலையைத் தடுத்த பார் போனது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 2001ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலிக்குள்ள அதே பாதுகாப்பு. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியிருந்தது. அந்தத் தீவுகளில் இஷ்டம் போல இறங்கி நீந்த முடியாது என்பதில் சிலருக்கு வருத்தம். மூழ்கிய தீவுகளின் பெயரைத் தெரிந்தவர்களுக்கு வருத்தம் இருக்காது.

தாராவி வீட்டில் முடிவுக்கு வர இரண்டு ஞாயிறுகள் ஆயின. மால்வண் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. செம்பூர் மைத்துனர் எல்.டி.சி.யையும் குளிர்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். மே மாதத்துக்குத் திருகோணமலை. அப்பாவும் மகனும் வாரம் மூன்று நாள் காலையில் செம்பூர் குளத்துக்குப் போகிறார்கள். மகன் இரண்டாவது வாரத்திலேயே மிதந்துவிட்டான். நாற்பத்து நான்கு வயது அப்பா இன்னும் ஓரத்துக் கம்பியை விடவில்லை.

அப்பத்தா கூடப் போகவில்லை. பேரனிடம் மட்டும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். கரையில் போய் நின்றதும் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அவருக்கு போன் செய்து, காற்று முதுகில் படுகிறதா, முகத்தில் படுகிறதா என்று சொல்ல வேண்டும்.